என் குரல் கேட்டு வண்டியில் ஏறிய நாய்

அனுப்புநர்:
வாலு என்று வீட்டிலும் பள்ளியிலும் அழைக்கப்படும்
பதினோராம் வகுப்பு மாணவி,
மூன்றாம் தளம்,
பேருந்துப் பணிமனைக்குப் பின்புறக் குடியிருப்பு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
கைவிடப்பட்ட விலங்குகள் காப்பகம்,
நகராட்சி வளாகம்.

பொருள்: நாய் எண் 47 (வீட்டுப் பெயர்: பம்பரம்) தகுதியற்ற இடத்துக்கு ஏமாற்றி அனுப்பப்பட்டது – சோதனைக் காலம் முடிய மூன்று நாள்களே இருப்பதால் அதை உடனே மீட்டுத் தகுந்த வீட்டில் சேர்க்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் வீட்டின் தற்காலிகப் பராமரிப்பு ஒப்பந்தம்.
2. என் அப்பா கையொப்பமிட்ட வீட்டு ஆய்வுப் படிவம்.
3. சென்ற ஆண்டு தங்களுக்கு வந்த கால்தட மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வை மூன்றைப் படித்ததும் இந்த மனுவைத் தூக்கி ஓரமாக வைக்கத் தங்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயம்தான். ஆயினும் ஐந்தாம் பத்தி வரையிலாவது பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. "எங்கள் காலை உணவு முடியும்முன் குப்பை வண்டியை அனுப்ப வேண்டாம்" என்று 'தெருநாய்கள் முன்னேற்றச் சங்கம்' பதினொரு கால்தடங்களுடன் அனுப்பிய மனுவை எழுதியது நான்தான். பதினொன்றும் ஒரே உருளைக்கிழங்கில் செதுக்கிய அச்சால் குத்தியவை. அந்தச் சங்கத்தின் முகவரியைத் தேடி வெயிலில் இரண்டு தெரு அலைந்த தங்கள் அலுவலக உதவியாளரிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். அது விளையாட்டு. இது இல்லை. இதில் எங்காவது சிரிப்பு வந்தால் அது என் கையின் பழக்கதோஷம். தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்.

2. மூன்று மாதங்களுக்கு முன், பாதி கட்டிய கட்டடம் ஒன்றின் மழைநீர்க் குழியிலிருந்து தங்கள் ஊழியர்கள் தூக்கியெடுத்த நாய் அது. காப்பகத்தில் இடம் இல்லாததால், நிரந்தர வீடு கிடைக்கும்வரை என்று எங்கள் வீட்டில் விட்டார்கள். பழுப்பு நிறம். வயது இரண்டு இருக்கலாம். ஒரு காது தொங்கும், ஒரு காது நிற்கும். அதன் உடம்பில் நின்றது அந்த ஒரு காது மட்டும்தான். வாசல் மணி அடித்தால் இருந்த இடத்திலேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கதவுக்கு ஓடும். அதனால் பம்பரம் என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கு நான் கிளம்புவதற்குள் மூன்று மாடிகளையும் பதினான்கு முறை ஏறி இறங்கிவிடும். வீட்டுக்கு ஒரு செருப்பு என்று எடுத்துப்போய், வேறொரு வீட்டு வாசலில் ஒழுங்காகத் திருப்பி வைக்கும். எங்கள் குடியிருப்பில் யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கிளம்பிய வதந்திகளில் பாதிக்கு அதுவே பொறுப்பு.

கடித்ததே இல்லை. குரைப்பதும் குறைவு. ஓடி முடித்த நாளில் துவைத்துப் போட்ட துணி மாதிரி கிடந்து தூங்கும். ஓடாத நாளில் மெத்தையைப் பிரித்துப் பஞ்சைச் சோதிக்கும். அதற்குத் தேவை ஓட்டம். வேறெதையும் அது கேட்டதில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் 'மழை வருது' என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் துணி எடுக்க மாட்டார்கள். ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். என் பேச்சைச் சரிபார்க்காமல் நம்பிய ஒரே உயிர் பம்பரம்.

3. செருப்புப் பட்டியல் ஒன்றை இணைத்து, மாத இறுதிக்குள் நாயை அப்புறப்படுத்துமாறு குடியிருப்போர் சங்கம் கடிதம் கொடுத்தது. அப்பா பணிமனையில் டயர் பிரிவு மேற்பார்வையாளர். நாலு பேர் முன்னால் பேச்சு வாங்குவது அவருக்குப் பிடிக்காது. இருந்தும் அன்றைக்கு என்னிடம் சொன்னது இது: "பரீட்சை முடியட்டும் பாப்பா. நீ சரின்னு சொல்ற வீட்டுக்குத்தான் அது போகும். போதுமா?" போதும் என்றேன். எழுத்தில் வாங்கவில்லை. சொந்த அப்பாவிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

என் தரப்புக் குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. அதற்கு முன்பே இரண்டு குடும்பங்கள் பம்பரத்தைப் பார்க்க வந்தன. முதல் குடும்பத்திடம், இதற்குப் பாட்டுப் பாடினால்தான் சாப்பிடும் என்று சொல்லி அவர்களைப் பாடவும் வைத்தேன். இரண்டாவது குடும்பம் வந்தபோது, அவர்கள் காலணியைப் பம்பரத்துக்குக் கண்ணால் காட்டினேன். மிச்சத்தை அது பார்த்துக்கொண்டது. இரண்டுமே மோசமான வீடுகள் அல்ல. எனக்கு அதை அனுப்ப மனமில்லை, அவ்வளவுதான். "இவ இருந்தா எந்த வீடும் தேறாது" என்று வீட்டில் முடிவு செய்திருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

4. பதினொரு நாள்களுக்கு முன், வெள்ளிக்கிழமை, எனக்கு வேதியியல் தேர்வு. முடித்துவிட்டு வந்தபோது படிக்கட்டில் யாரும் என்மேல் பாயவில்லை. சமையலறையில் பம்பரத்தின் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அம்மா, "முதல்ல உக்காந்து சாப்புடு" என்றார். நான் தட்டை நகர்த்தினேன். திட்டவில்லை. குரலை உயர்த்தினேன். அதற்கும் திட்டவில்லை. எங்கள் அம்மா திட்டாமல் இருக்கிறார் என்றால் வீட்டில் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்பாவின் நண்பர் ஒருவர் தரைக்குப் பதிக்கும் ஓடுகளை மொத்தமாக விற்கிறார். அவருடைய கிடங்குக்கு ஒரு நாய் வேண்டுமாம். காலை பத்து மணிக்கு, அதாவது நான் முதல் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தபோது, கிடங்கு வண்டி வந்து, பதினைந்து நாள் சோதனைக் காலத்துக்கென்று பம்பரத்தைக் கொண்டுபோய்விட்டது. தேதியை என் தேர்வு அட்டவணையைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். அந்த அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்தது நான்தான்.

5. ஐயா, இந்த மனுவின் முக்கியமான பத்தி இது.

என் அண்ணன் கூரியர் வண்டி ஓட்டுகிறார். (வீட்டில் 'அவன்'தான். மனு என்பதால் 'அவர்'.) ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியில்தான் பம்பரத்தைப் பெரிய மைதானத்துக்குக் கூட்டிப்போவோம். "பம்பரம், வாடா வாடா, வண்டி ரெடி!" என்று நான் கத்தினால் அது எங்கிருந்தாலும் பறந்து வந்து ஏறும். ஒரு நாள் இதை என் குரலிலேயே பதிவு செய்து, அண்ணனின் கைபேசியில் காலை ஆறு மணி அலாரமாக வைத்தேன். கைபேசி அவர் தலைமாட்டில் இருந்தது. ஆறு மணிக்கு பம்பரம் அவர் வயிற்றில் இறங்கியது. என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த குறும்பு அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பதிவை அவர் அழிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பம்பரம் கிடங்கு வண்டியில் ஏற மறுத்து, எங்கள் குடியிருப்பின் கீழ்வாசல் கதவுச் சட்டத்தைக் கவ்விக்கொண்டு கிடந்திருக்கிறது. அண்ணன் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ரெண்டு பேரு தூக்கிப் பாத்தோம், அசையல. சரின்னு உன் அலாரத்தைப் போட்டேன். ஒரே தாவு, உள்ள போய் உக்காந்துருச்சு! எல்லாம் உன் டெக்னிக்தான் வாலு." சொல்லி முடித்துச் சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

படிவத்தில் கையொப்பம் போட்டது அப்பா என்பது பம்பரத்துக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தியது அண்ணன் என்பதும் தெரியாது. அதைப் பொறுத்தவரை, கூப்பிட்டது நான். மைதானத்துக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிடங்குக்கு அனுப்பியதும் நான்.

6. கிடங்குக்காக அப்பா நிரப்பித் தங்களுக்குக் கொடுத்த வீட்டு ஆய்வுப் படிவத்தின் நகலை அவர் அலமாரியில் பார்த்தேன். ஆறாவது கேள்வி: 'நாய் ஓடியாட இடம் உண்டா?' பதில்: 'உண்டு. மிகப் பெரிய வளாகம்.' இதைக் கேட்டதற்கு அப்பா, "பொய் ஒண்ணும் எழுதலையே பாப்பா, இடம் பெருசுதானே?" என்றார். இடம் பெரிதுதான். படிவத்தில் சங்கிலியின் நீளத்துக்குக் கட்டம் இல்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து எவரும் நேரில் போய்ப் பார்க்கவும் இல்லை என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். ஓடு கிடங்குக்கு அனுப்பினால் ஓடும் என்று நினைத்தீர்களோ என்னவோ. அங்கே ஓடு பெயர்ப்பலகையில் மட்டுமே உள்ளது.

7. கடந்த சனிக்கிழமை மதியம் நானே போனேன். கிடங்கின் தகரக் கதவில், என் கண் உயரத்தில் ஓர் ஆணி ஓட்டை இருக்கிறது. பம்பரத்தை இரும்புத் தூணில் கட்டியிருக்கிறார்கள். சங்கிலி எவ்வளவு நீளம் என்று, உள்ளே இருந்த காவலாளியிடம் ஓட்டை வழியாக மெதுவாகக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்து எண்ணி, "நாலு ஓடு" என்றார். தூணைச் சுற்றி ஓட்டுத் தூசியில் ஒரு வட்டம் தேய்ந்திருக்கிறது. முதல் நாள்களில் அது சுற்றிச் சுற்றி ஓடிய தடம். இப்போது அந்தத் தடத்தின் மேலும் தூசி படிந்துவிட்டது. பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவது அதைச் சுழலவிடத்தான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காவலாளி நல்ல மனிதர். அவர் சொன்னது: "முதல் ரெண்டு நாளு ஒரே ஆட்டம்மா. இப்ப அடங்கிருச்சு. சோத்தைக்கூட மோந்து பாக்குறதோட சரி. ஆனா ஒரு விஷயம், என் போன்ல யாராச்சும் சத்தமா பேசினா மட்டும் விசுக்குனு எந்திரிச்சு நிக்குது. போன் பைத்தியமோ என்னவோன்னு நெனச்சேன்."

கதவுக்கு வெளியே நின்றபடி, என்னை அறியாமல் "பம்பரம்" என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு லாரி புகை விட்டுக்கொண்டிருந்தது; என் வாடை அதற்குப் போயிருக்காது. உடனே எழுந்து நின்றது. நான் இருந்த பக்கம் திரும்பவில்லை, ஐயா. காவலாளியின் சட்டைப்பையைப் பார்த்தது. கைபேசி இருந்த பை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

நான் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தால் அது இரண்டாவது ஏமாற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா, "பாத்தியா, அடங்கிருச்சுல்ல?" என்றார். நான் மூன்று மாதம் அதை வளர்த்தது அடக்குவதற்கு அல்ல.

8. பம்பரத்தை எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் மூன்றாம் மாடி அதற்குப் போதாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று மாதமும் ஓர் ஆணி ஓட்டையும் தேவைப்பட்டன.

தகுந்த வீடு ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை மைதானத்தை ஒட்டிய வீட்டில் இருக்கிறார். சுற்றிலும் வேலி. தினமும் விடியற்காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறார். அவருடன் ஓடிக்கொண்டிருந்த நாய் வயதாகிச் சென்ற ஆண்டு இறந்துவிட்டது. இந்த வீடு என் மனதில் முதலிலேயே வந்தது. அவரிடம் போகாததற்குக் காரணம், சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் முன்னிலையில் அவர் விசில் ஊதியபோது சோப்பு நுரை வந்தது. அது யார் வேலை என்று அவருக்குத் தெரியாது. அவர் கண்ணைப் பார்த்துப் பேசினால் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

நேற்று போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். முதலில் நுரையை, பிறகு நாயை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு: "ஒரு வருஷமா எட்டாம் கிளாஸ் பசங்களை நாலு ரவுண்டு எக்ஸ்ட்ரா ஓட விட்டுட்டு இருக்கேன். அந்த ரவுண்டெல்லாம் உன்னோடதுதானா?" என்றார். பிறகு, "நாயை நான் வெச்சுக்கறேன். ஆனா சனிக்கிழமை அஞ்சரைக்கு நீ கிரவுண்டுல இருக்கணும். அந்தப் பசங்களோட கடனை நீதான் ஓடிக் கழிக்கற." அவருடைய விண்ணப்பம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. ஆறாவது கேள்விக்கு அவர் வேலியின் நீளத்தை அளந்து எழுதியிருக்கிறார்.

9. ஆகவே, தாங்கள்

(அ) முன்கூட்டித் தெரிவிக்காமல், மதிய வேளையில், கிடங்கை நேரில் பார்வையிட வேண்டும். தெரிவித்தால் சங்கிலி அரை நாளைக்கு நீளும்.

(ஆ) வரும் வெள்ளிக்கிழமை சோதனைக் காலம் முடிந்து கிடங்குக்காரர் நிரந்தர உரிமையாளர் ஆவதற்குள், ஒப்படைப்பை ரத்து செய்து பம்பரத்தை விளையாட்டு ஆசிரியையிடம் சேர்க்க வேண்டும்.

(இ) மீட்கும்போது அது வண்டியில் ஏற மறுக்கலாம். எவ்வளவு நேரம் ஆனாலும், எவர் கைபேசியிலிருந்தும் என் குரலை ஒலிக்கவிடக் கூடாது. அந்தப் பதிவை அழித்துவிடட்டுமா என்று அண்ணன் கேட்டார். சாட்சி, இருக்கட்டும் என்றேன். 'ஒலிக்கவிட்டது நான்தான்' என்று அவர் எழுதிக் கொடுத்த தாள் இணைப்பில் உள்ளது. எழுதும்போது அவர் சிரிக்கவில்லை.

(ஈ) அன்றைக்கு என்னை அங்கே வர அனுமதிக்க வேண்டும். அதன் எதிரில், முகம் தெரிய நின்று, நானே கூப்பிடுகிறேன். அது வராமல் போகலாம். வராவிட்டால் அதைக் குறை சொல்ல மாட்டேன். வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். தேர்வெல்லாம் முடிந்துவிட்டது.

பம்பரத்துக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டியதைத் தங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன்: இனி அந்தக் குரல் அதைக் கூப்பிட்டால், கூப்பிட்டவள் அங்கே இருப்பாள்.

நாள்: சோதனைக் காலத்தின் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை.
இடம்: தட்டு இன்னும் கவிழ்த்தபடியே இருக்கும் சமையலறை.

இம்முறை உண்மையிலேயே உண்மையுள்ள,
வாலு
(கையொப்பம். உருளைக்கிழங்கு பயன்படுத்தப்படவில்லை.)

இணைப்பு: 1. விளையாட்டு ஆசிரியையின் விண்ணப்பம்.
2. அண்ணனின் வாக்குமூலம், ஒரு வரி.

நகல்: அப்பாவுக்கு. சாப்பாட்டு மேசையில், உப்பு டப்பாவின் அடியில் வைக்கப்படுகிறது. எனக்குத் தெரியாமல் நடந்ததைப் போல, இது அவருக்குத் தெரியாமல் நடக்க வேண்டாம்.