காயிலின் கழுத்தில் ஒரு பொட்டு

நேற்றுக் காலை அடைமழையில் ஒருவர் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை இருமவிட்டபடியே நன்னிலத்தில் என் பட்டறைக்கு ஓட்டிவந்தார். பட்டறை இப்போது மகன் கையில். நான் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேன் உள்ளே நுழைந்ததுமே அந்த வாடை வந்துவிட்டது. எரியாமல் புகைக்குழாய் வழியே வெளியே வரும் பெட்ரோலின் வாடை. வந்தவர் இறங்கியதும் இறங்காததுமாக, "எவனோ வேணும்னே கைய வெச்சிருக்கான் பாய்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாடையும் அதுதான், வார்த்தையும் அதுதான். உன் ஜீப் வந்து நின்றதுபோல் இருந்தது.

செத்தவனுக்குத் தபால் ஏது என்று மேடை போட்டுப் பேசியவன் நீ. உனக்கு மடல் எழுதுவது தெரிந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ நம்பாவிட்டால் போகிறது, நான் நம்புகிறவன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அந்தக் கார்த்திகை மாதத்தை முழுசாகச் சொல்லியாக வேண்டும். உன் படத்திறப்பில் பேசியவர்கள் எல்லாம் உன்னைத் தவறே செய்யாத உத்தமனாக்கிவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று நீ கருப்புச் சட்டைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்த காலம் அது. குத்தகைக்காரனை நிலத்தை விட்டு இறக்க முடியாது என்று சட்டம் சொன்னது. சட்டம் சொன்னதை உங்கள் ஊர் மிராசுதார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாகுபடி செய்தவர்களின் பெயரைப் பதிவு செய்யக்கூடாது என்று அவர் ஆட்சேபணை போட, தாசில்தார் ஆபீசில் வாய்தா மேல் வாய்தா. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு வேறு. வைக்கோல் போர்களுக்குப் பக்கத்தில் போலீஸ் கூடாரம் அடித்திருந்தது. உங்கள் தெருக்காரர்கள் நன்னிலத்துக்கு வர மிராசுதார் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். நடந்துபோனவர்களை அங்கே மறித்து அடித்தார்கள். அதனால்தான் ஏலத்தில் எடுத்த உன் ஓட்டை ஜீப் அந்தத் தெருவுக்கே ஒரே வழியாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்ததும் அது தகராறு பண்ண ஆரம்பித்தது. காலையில் கிளப்பினால் நடுங்கும், துப்பும், மேட்டில் ஏறாமல் நின்றுவிடும். வெயில் ஏறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். நீ திட்டிக்கொண்டே என்னிடம் கொண்டுவருவாய். வந்து சேருவதற்குள் என்ஜின் சூடேறி நல்லபிள்ளையாகிவிடும். வாத்தியார் முன்னால் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்ளும் பையன் மாதிரி என் முன்னால் சீராக ஓடும். நானும் பிளக் மாற்றினேன், பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன், கண்டென்சர் புதிதாகப் போட்டேன், கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊதினேன். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் செத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். தெரியவில்லை. மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி.

வாய்தா நாளன்று அது மிராசுதார் வீட்டுக்கு முன்னாலேயே நின்றுபோனது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதாக நீ சொன்னாய். நீங்கள் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பேர் கூப்பிட்டு, ஆஜர் இல்லை என்று எழுதிவிட்டார்கள். வக்கீல் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு வாய்தா வாங்கினார். அடுத்த தடவையும் வராவிட்டால் மிராசுதார் பக்கம் தீர்ந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே தெரு கூடியது. ஜீப் நிற்கும் கொட்டகைக்குப் பக்கத்துக் குடிசை வீரையனுடையது. அவன் மருமகன் மிராசுதாரின் ரைஸ் மில்லில் என்ஜின் ஓட்டுகிறவன். இது போதாதா? டேங்கில் சர்க்கரை போட்டுவிட்டான் என்று ஒருவன் ஆரம்பிக்க, மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று இன்னொருவன் முடித்தான். வீரையனை நடுவில் நிறுத்தி, "நீதான்யா செஞ்ச" என்று முதலில் சொன்னது நீ. கூட்டத்திலிருந்து ஒருவன் அவன் கன்னத்தில் அறைந்தான். அடுத்த வாய்தாவுக்குள் ஊரைக் காலி பண்ணவேண்டும் என்று முடிவானது. மறுநாளிலிருந்து அவன் பெண்டாட்டியைக் கைப்பம்பில் தண்ணீர் அடிக்க விடவில்லை. இதெல்லாம் நீயே வந்து என்னிடம் சொன்னதுதான். ஏதோ பெரிய காரியம் சாதித்தவன்போல் சொன்னாய்.

நான் உன் எதிரிலேயே டேங்கைக் காலி செய்து, பெட்ரோலை மல்துணியில் வடிகட்டினேன். துரும்பு இருந்தது, துரு இருந்தது. சர்க்கரை ஒரு மணிகூட இல்லை. சர்க்கரை பெட்ரோலில் கரையாது, போட்டிருந்தால் அப்படியே அடியில் கிடக்கும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் நாள் பூராவும் மக்கர் பண்ணும், காலையில் மட்டும் பண்ணாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ கேட்டால்தானே. "அப்ப வேற ஏதோ பண்ணியிருக்கான் பாய்" என்றாய். எதையும் ஏன், எதற்கு என்று கேள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அதை மட்டும் கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். கோபித்துக்கொண்டு போனாய்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது, அதற்குக் காரணம் என் கைக்குப் பிடிபடாத ஒரு கோளாறு. நோய் காலையில் வருகிறது என்றால் வைத்தியன் காலையில்தானே போகவேண்டும்? இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, கடைசி வாய்தாவுக்கு முந்தின நாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்த கையோடு சைக்கிளை எடுத்தேன். மழை விட்டுத் தூவானம் அடித்துக்கொண்டிருந்தது. கொட்டகையில் இன்னும் மசங்கலாகவே இருந்தது. நீ வேப்பங்குச்சியை மென்றபடி வந்து ஜீப்பைக் கிளப்பினாய். நான் பானெட்டைத் தூக்கினேன்.

அந்த இருட்டில்தான் தெரிந்தது. நாலு பிளக்குக்கும் மின்சாரம் கொடுக்கும் காயிலின் கழுத்திலிருந்து நீலமாக ஒரு இழை இறங்கி, பக்கத்து இரும்பில் போய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. அது பாயும்போதெல்லாம் என்ஜின் ஒரு துடிப்பை விட்டது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது. எந்த சிலிண்டர் என்று தேடினால் எப்படி அகப்படும்? நாலுக்கும் தாய் வீடு அது. அணைக்கச் சொல்லிவிட்டு, ஒயரின் ரப்பர் மூடியை மேலே தள்ளி விரலால் துடைத்தேன். மஞ்சளும் சிவப்புமாக ஈரப்பசை ஒட்டிக்கொண்டு வந்தது. சந்தனம், குங்குமம். அதன் மேல் கரியாக ஒரு கோடு. காய்ந்திருக்கும்வரை அது சும்மா இருந்திருக்கிறது. மழை ஈரத்தை உறிஞ்சியதும் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறது.

உன் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். நான் உன்னைப் பார்த்தேன். நீ என் விரலைப் பார்த்தாய். கையில் காப்பித் தம்ளருடன் வந்த உன் மனைவி பாக்கியம் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, அது நான் வெச்ச பொட்டு."

உன் வாயிலிருந்து வேப்பங்குச்சி விழுந்தது.

"இவரு பூச கீசன்னா குதிப்பாரு. முன்னாடி வெச்சா தொடச்சிப் போட்டுடுவாரு. அதான் உள்ள, கண்ணுல படாத எடமாப் பாத்து, அந்தத் தொப்பியத் தூக்கிட்டு வெச்சேன். எந்த ரோட்டுல போயிட்டு வராருன்னு ஒங்களுக்குத் தெரியாதா? திரும்பி வரணும்ல அண்ணே?"

அவள் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். ஊரறிய பானெட்டின் மேல் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசியிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. உனக்குப் பயந்து ஒளித்து வைத்ததால் வந்த வினை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அன்று கண்ணால் பார்த்தேன்.

பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, கரிக்கோட்டைச் சுரண்டி எடுத்தேன். கிளப்பியதும் தையல் மிஷின்போல் ஓடியது. உனக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னை ஓரமாக இழுத்துப்போய், "காயில்ல விரிசல்னு சொல்லிடு பாய். சங்கத்துல தலை காட்ட முடியாது" என்றாய். கையிலிருந்த ஸ்பேனரை வீசி எறிந்தேன், நினைவிருக்கிறதா? "விரிசல்னு சொன்னா அதையும் வீரையன் தலையிலதான்யா கட்டுவானுங்க. ஒன் தலைக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா சரியாப்போயிடும். அவன் தலைய எங்க கொண்டுபோய் வெப்பான்?" என்று கத்தினேன். பக்கத்துக் குடிசையில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

மறுநாள் ஜீப் ஒரு தடவைகூட இருமாமல் நன்னிலம் வந்தது. பேர் கூப்பிட்டபோது எல்லோரும் சேர்ந்து "ஆஜர்" என்று போட்ட சத்தம் என் பட்டறைவரை கேட்டது என்று பிறகு நான் புளுகியிருக்கிறேன். பெயரைப் பதிவு செய்யச் சொல்லி நீங்கள் போட்ட மனு தள்ளுபடியாகாமல் நின்றது. திரும்பிப் போனதும் டீக்கடையில் எல்லோரையும் உட்காரவைத்து நீ எழுந்து நின்றாயாம். "வீரையன் ஒண்ணும் செய்யல. எங்க வீட்டுப் பொட்டு செஞ்ச வேலை. நான்தான் அவன் மேல அநியாயமாப் பழி போட்டேன்" என்றாயாம். சிலர் சிரித்தார்கள். கருப்புச் சட்டைக்குள்ளே குங்குமமா என்று மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். நீ பொறுத்துக்கொண்டாய். உன்மேல் எனக்கு உள்ள மரியாதையில் பாதி அன்றைக்கு வந்தது.

ஆனால் வீரையன் அதற்குள் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டான். நீ ஓடிப்போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினாய். அவன் கோபப்படவில்லை. "நீங்க நாலு பேருக்கு முன்னாடி சொன்னது பெரிய மனசுங்க. ஆனா அன்னிக்கி என்னைய நடுவுல நிக்க வெச்சப்ப, ஏன் வீரையா, நீ செஞ்சியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க. செஞ்சேன்னு முடிவு பண்ணிட்டுல்ல கூப்பிட்டீங்க" என்றான். வண்டி சீர்காழிப் பக்கம் அவன் பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டது.

அப்புறம் வருஷா வருஷம் தை அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை புதுநெல்லை ஜீப்பில் போட்டுக்கொண்டு நீ அங்கே போய்வந்தாய். ஜீப்பை விற்றபிறகு பஸ்ஸில் போனாய். அவன் உட்காரச் சொல்வான், மோர் கொடுப்பான், மழை, விளைச்சல், பேரப்பிள்ளைகள் எல்லாம் பேசுவான். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டான். திரும்பும் வழியில் என் பட்டறையில் இறங்கி, "இன்னும் சொல்லல பாய்" என்பாய். நான் உன்னைக் கேலி செய்வேன். என்ன சொல்லவேண்டும் என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டாய். "வீரையன் ஏதாச்சும் சொல்லி அனுப்புனானா பாய்?" இல்லை என்று நான் தலையாட்டினேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். பொய்யாகவாவது ஆமாம் என்றிருக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உன்னைத் தூக்கிய அன்று அவன் வந்திருந்தான். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, பஸ் மாறி வந்திருந்தான். கூட்டம் கலைந்தபிறகும் பந்தல் கால் ஒன்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத்தன வருஷம் வந்தானே வீரையா, போவட்டும் விடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்ப?" என்று கேட்டேவிட்டேன்.

அவன் பந்தல் காலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கோவம் எப்பவோ போயிடுச்சுங்க பாய். மொத வருசம் அந்த மூட்டையத் தூக்கிட்டு வந்து நின்னாரு பாருங்க, அன்னிக்கே போயிடுச்சு. சொல்லிட்டா அப்பறம் வரமாட்டாரோன்னுதான் சொல்லல."

அவன் உன்னிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான். உன்னிடம் சொல்ல வழியில்லாமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.