அடித்துவிட்ட என் பெயர்

சுபாஷ் அண்ணா,

களி மூடி வைத்திருக்கிறேன். கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. அம்மா கரும்பு வெட்டப் போயிருக்கிறது. நான் பதிவைப் புதுப்பிக்கக் கடலூர் வேலைவாய்ப்பு ஆபீசுக்குப் போகிறேன். நாலு மணிக்கு பைக்கை ஏற்றிப்போக வடக்கனந்தல் வேன்காரர் வருவார். ஏற்றும் முன் பெட்ரோலை வடித்துவிடு.

சோழவரம் பைக் ரேஸுக்கான விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தேன். அதை இங்கிலீஷில் நிரப்பியது நான். உதவியாள் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு, உன் கூட்டாளி பாவாடை பெயரை எழுதியிருக்கிறாய். நேற்று கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள அங்க வந்து நின்னா ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றாய். ரெண்டு வருஷம் கல்வராயன் மலை வளைவுகளில் நீ ஓட்ட, நான் ஸ்டாப்வாட்சோடு வெயிலில் நின்றேனே, அப்போது ஊருக்கு வாயில்லையா? "சீசன் மொத ரேஸ்ல ஒவ்வொரு ரவுண்டுக்கும் நீதான் எனுக்கு டைம் எழுதி போர்டு காட்டணும் செல்வி" என்று சொன்னது யார்?

நம்ம ஜனம் படிக்கணும், வேலைக்குப் போகணும் என்று இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு ஜெயிலுக்குப் போனவன் நீ. படித்த தங்கச்சி உன் பக்கத்தில் நின்றால் மட்டும் கேவலமா?

இனி என்னோடு பேசாதே.

செந்தமிழ்ச்செல்வி, பி.எஸ்சி.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். வலது வளைவில் நீ எப்பவும் சீக்கிரமே பிரேக் பிடிக்கிறாய். பாவாடைக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு நானும் டிக்கெட் எடுத்து, வேலிக்கு வெளியே ஜனத்தோடு நிற்பேன். என்னைப் பார்த்தால் கை ஆட்டாதே.