பாலத்தில் தலைமாடு

அன்பு மகன் பெஷாருக்கு, அப்பன் எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலம், கழுதை நலம், ஆற்றுப் பாலமும் விழாமல் நிற்கிறது. ஸ்வீடனில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், சுகத்துக்குத்தானே போனாய். அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்டிருந்தாய். இனி அவளுக்கு ஒரு நோவும் இல்லை, போன வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. நீ அனுப்பிய கம்பளி மறுநாள் வந்தது. நல்ல கம்பளி, கழுதைக்குப் போர்த்தியிருக்கிறேன்.

நீ மறந்திருப்பாய், சொல்கிறேன். அடக்கத்தலம் அக்கரையில் இருக்கிறது. எந்தச் சுல்தான் காலத்துப் பாலமோ, எதிரே ஒருவன் வந்தால் நாம் பின்வாங்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைச்சுவரும் கிடையாது. சந்தூக்குப் பெட்டியை முன்னே ஒருவன், பின்னே ஒருவன்தான் தூக்க முடியும், அதில் தலைமாடு மகனுக்கு. மகன் உயிரோடிருக்க வேறொருவன் தலைமாட்டைப் பிடித்தால் அந்த மகன் ஊருக்குச் செத்தவன், அவன் பெயரைக்கூட யாரும் எடுக்கமாட்டார்கள். அம்மா படுத்ததுமே போனில் கூப்பிட்டோம், லீவு இல்லை என்றாய். அதே வாரம் நீ ஒரு கல்யாணத்தில் ஆடியதை உன் சித்தப்பன் மகன் போனில் பார்த்தானாம். காலாவது நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் கெலேஷ் வந்து, "மாமா, நான் புடிக்கிறேன், முல்லா வேற அவசரப்படுத்துறாரு" என்றான். நான் விடவில்லை. உன் மேல் பாசம் என்று நினைக்காதே. "எம் புள்ளைய செத்தவனாக்கிடாதீங்க, என்னைத் தண்ணியிலயே எறக்கிக் கொண்டுபோங்க" என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். துணி துவைக்கக்கூடக் கணுக்காலுக்கு மேல் ஆற்றில் இறங்காதவள். இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பக்கமும் நின்று நாலு பேராகத் தூக்கிப் போனோம், ஆற்றில் தலைமாட்டுக் கணக்கு கிடையாது. நடு ஆற்றில் கெலேஷுக்குக் கால் வழுக்கி, சந்தூக் சாய்ந்து, அவள் முகம் நனைந்துவிட்டது. தலைக்கு மேலே பாலம் காலியாகக் கிடந்தது.

வேளைக்குச் சாப்பிடு, மார்ச்சளி கட்டாமல் பார்த்துக்கொள். இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள். எனக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது. பனி உருகினால் ஆற்றில் யாரும் இறங்க முடியாது. எனக்கு நனைய ஆசையும் இல்லை, உன் அம்மாவுக்கு இருந்த மனசும் இல்லை. என் தலைமாட்டைப் பிடிக்கக் கெலேஷிடம் சொல்லிவிட்டேன்.

அதுவரை ஆண்டவன் உனக்கு ஆயுளைத் தரட்டும்.

இப்போதைக்கு உன் அப்பன்,
ஷெம்தீன்