தெளிந்த கிணறு

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ வேலை பார்க்கும் சாயப்பட்டறையின் கழிவு இறங்கி, சிங்கவரத்தில் நம் கிணறு சிவந்து கிடந்தவரை மாடுகூட அதில் வாய் வைக்கவில்லை. நீதான் வந்து மருந்து போட்டாய். தண்ணீர் தெளிந்தது.

"சாயம் உடைஞ்சிடுச்சு நைனா, இனிமே குடிக்கலாம்" என்றாய். மகன் சொன்னானே என்று எட்டு வருடம் குடித்தார்.

போன வருடம் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. சிறுநீர்ப்பையில் புற்று என்றார்கள். தண்ணீரைச் சோதித்த பெண், "நிறம்தான் போயிருக்குதுக்கா. உடைஞ்ச சாயமும் விஷம்தான்" என்றாள்.

உனக்குத் தெரியாதா என்று கேட்க மாட்டேன். அன்று நீ குடித்தது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பாட்டில் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை நைனாவுக்குக் காரியம். வந்துவிடு. உனக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்கூடப் பிறந்தவள்