ஹார்ட்டின் ஏழு, எட்டு

அன்பானவனுக்கு,

ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

போக்கர் சொல்லித் தந்த அன்று உன் கையில் ஹார்ட்டின் ஏழும் எட்டும் இருந்தன. "இப்போ இது ஒண்ணுமில்ல. ஆனா நடுவுல சீட்டு தொறக்கறதுக்கு முன்னாடியே பந்தயத்த ஏத்திடணும். பாதிப் பேரு பயந்து சீட்டக் கீழ வச்சிட்டுப் போய்டுவாங்க. எவனாவது நின்னுட்டு, வர்ற சீட்டும் சேரலன்னா, நாம சீட்டக் கீழ வச்சிடணும்" என்றாய்.

அப்பா எனக்குப் பார்த்த சென்னை மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்ததும் நீ ஏற்றினாய். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேனேஜர் ஆகிவிட்டதாகச் சொன்னாய். சென்னைக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்பா ஒதுங்கவில்லை. "அப்போ இந்த ஞாயித்துக்கெழமையே சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சிடலாம்" என்றார்.

இரண்டு வாரம் நம் பெயர்களை வாசித்தாயிற்று. நேற்று உன் கம்பெனி ஆள் ஒருவர் என் வார்டில் சேர்ந்தார். நீ இன்னும் கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறாயாம்.

எனக்குக் கட்டிங் செக்‌ஷனே போதும். அப்பாவிடம் ஏற்றினாய், சரி. உன் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடமும் ஏன் சீட்டை மறைத்தாய்?

வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. "தடை சொல்ல யாராவது உண்டா?" என்று ஆயர் கேட்பார். அதற்குள் அப்பாவிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. அவர் நின்றுவிட்டார், சீட்டும் சேரவில்லை. நீ சொல்லாவிட்டால், பெண்கள் பக்கத்திலிருந்து நான்தான் எழுந்து நிற்பேன்.

எழ வைக்காதே. கால் வலிக்கிறது.

இன்னும் உன்னுடையவளாக,
நான்