பதினேழு தக்காளி நாற்றுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முட்டிவலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். நாலு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் வழக்கம்போல "சாப்பிட்டியா, சரி வச்சிடுறேன்" என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால் எழுதியே விடுகிறேன்.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே அவள் துணிகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன் என்று வாசலில் நின்று "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணில் ஒரு சொட்டு வராமல் நின்ற மனுஷனை வேறு என்ன சொல்வது. ஆனால் அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஆணியில் தொங்க, அந்த அறையில் எனக்கு மூச்சு முட்டியது, அதை உன்னிடம் சொல்லத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நின்றவன், எதையும் சட்டென்று முடித்துக் கீழே வைத்தால்தான் எனக்கு நிம்மதி. அந்த அவசரம்தான் இந்த வருஷம் இன்னொன்றையும் கெடுத்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போன பிறகுதான் ஜன்னலோரத் தட்டைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் அம்மா தக்காளி விதை போட்டு மூடி வைத்திருக்கிறாள். உனக்குத் தெரியாததா, நம் ஊரில் ஒரு உறைபனி போய் அடுத்தது வருவதற்குள் முழுசாய் நூறு நாள் கிடையாது, மழையோ எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும், அதனால் வீட்டுக்குள்ளேயே நாற்றாக்கிப் பிறகு வெளியே நடுவாள். பதினேழு முளைத்திருந்தன. அவள் தோட்டத்துக்கு இத்தனை வருஷம் நான் செய்தது கேலி மட்டும்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துத் தூக்கிப் போவாள், "தக்காளிக்கு இருக்கிற யோகம் எனக்கில்லையே" என்பேன், "நீங்களும் வாயத் தொறக்காம மூணு மாசம் நில்லுங்க, உங்களுக்கும் ஊத்துறேன்" என்பாள். ஒரு நாளும் அந்த வாளியை நான் வாங்கிச் சுமந்ததில்லை. நாற்று வெளிச்சத்தின் பக்கமே சாய்ந்துவிடாமல் தட்டைத் தினம் திருப்பி வைக்க வேண்டும் என்று எதிர் வீட்டு நர்சம்மா சொல்லிக்கொடுத்தார், அப்படியே செய்தேன். காலையில் அவற்றோடு பேசக்கூடச் செய்தேன், சிரிக்காதே. ஒரு சாண் உயரம் வந்தன.

ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தது. நர்சம்மா "அவசரப்படாதீங்கண்ணே, இன்னும் பத்து நாள் பகல்ல வெளிய வச்சுட்டு சாயங்காலம் உள்ள எடுத்துருங்க, குளிருக்குப் பழகட்டும்" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனார். நான் கேட்டேனா. நட்டு முடித்து உனக்கு ஒரு போட்டோ அனுப்பலாம், அம்மா போட்டதை அப்பா காப்பாற்றிவிட்டார் என்று உன் கோபம் கொஞ்சம் இறங்கும் என்று ஓர் ஆசை. பதினேழையும் ஒரே மூச்சில் நட்டேன். மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க உறைபனி வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது, இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கியது. வெயில் ஏறினால் நிமிரும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றுகூட நிமிரவில்லை. அவள் கையால் போட்ட கடைசி விதை, பாப்பா. மண்ணில் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதேன், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. டியூட்டி முடிந்து வந்த நர்சம்மா வீட்டுக்குக்கூடப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாத்து போனதுக்கா அண்ணே இவ்வளவு அழுகை" என்று கேட்டார், கேட்டுவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கடையில் ஆறு நாற்று வாங்கி அதே பாத்தியில் நட்டேன். காலம் தப்பி வைத்ததால் இப்போதுதான் காய் பிடித்திருக்கிறது, எல்லாம் பச்சை, மூன்று வாரத்தில் பனி விழுந்துவிடும், பழுக்காது. அம்மா இப்படி மிஞ்சும் காய்களைப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பழுக்க வைப்பாளே, நான் காலில் இடறுகிறது என்று கத்துவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தவள் நீதான். காம்போடு பறிப்பாளா, கிள்ளிவிடுவாளா? கழுவித் துடைப்பாளா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டுமா? நாற்பத்தோரு வருஷம் கூட இருந்து பழத்தைச் சாப்பிட்டேனே தவிர ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. இனி இதைக் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. ஒரு வரி எழுதினாலும் சரி, போனில் சொன்னாலும் சரி, திட்டிவிட்டுச் சொன்னாலும் சரி.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. சின்னவளுக்கு என் முத்தம், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பனி விழுவதற்குள் பதில் வந்துவிட்டால் நல்லது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா