பெங்கோங்கை இப்போது கட்டாதே

கோலா பிலா,
செப்டம்பர் 14

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் சர்க்கரை மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. கிறைஸ்ட்சர்ச் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டுதான் கடையைத் திறக்கிறேன். போனில் பேசலாமென்றால் மாப்பிள்ளை வசந்தன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அவர் கேட்க இதையெல்லாம் எப்படிப் பேசுவது, அதனால்தான் எழுதி உனக்கு அனுப்பும் சாமான் பெட்டிக்குள் வைக்கிறேன்.

புதன்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்குப் பந்தல் வேலையில் கை ஓடவில்லை. எழும்போது அடிவயிற்றின் வலது ஓரத்தில் சுரீர் என்கிறது, "ஏதோ அறுந்த மாதிரி இருக்கும்மா, இதுவும் போயிடுமா" என்று கேட்டாய். போன வருஷம் ஒன்றை இழந்தவள் நீ, பயப்படாதே என்று சும்மா சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் டாக்டர் சோதித்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது, ரவுண்ட் லிகமெண்ட் வலிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டாராமே. என்ன சரக்கென்று தெரியாமல் நான் எதையும் வாங்குவதில்லை, கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி மஜீதாவைப் பிடித்துக் கேட்டேன். அவள் தாளில் வரைந்து காட்டினாள். கருப்பையின் மேல்பக்கம் வலதில் ஒன்று இடதில் ஒன்று, கயிறு மாதிரி இரண்டு நார். தொடை இடுக்கு வழியாக இறங்கி, பெண்ணுறுப்பின் வெளி உதட்டுச் சதையில் போய் முடிகிறது, வெட்கப்படாதே, எல்லாருக்கும் அங்கேதான். கருப்பையை முன்பக்கம் சாய்த்துப் பிடிப்பது அதன் வேலை. பிள்ளை வளர வளர அது நீண்டு தடிக்கிறது, சட்டென்று எழுந்தால், திரும்பினால், தும்மினால் சுண்டி இழுக்கிறது. கருப்பை பெரும்பாலும் வலப்பக்கம் கொஞ்சம் திரும்புமாம், அதனால் அங்கே வலி கூடுதல். பந்தல் கயிறு மாதிரி அறுந்தால் எல்லாம் கீழே வந்துவிடுமே என்றேன். மிஸ்ஸி சிரித்துவிட்டாள். "அக்கா, பாரம் தாங்குறது வேற லா, அடியில சதையும் வேற நாருங்களும் இருக்கு. இது முன்னால இழுத்துப் பிடிக்கிற கயிறு மட்டும்தான். வலிக்கும், ஆனா அறுந்து புள்ள விழாது" என்றாள்.

செல்லம் அத்தை அனுப்பிய பெங்கோங் துணியை வயிற்றில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாயாமே, அவிழ்த்துவிடு. அது பிள்ளை பெற்றபிறகு கட்டுவது. அத்தை நல்லதுக்குத்தான் சொன்னாள், அவளிடம் சண்டைக்குப் போகாதே. மெல்ல வீசும் காற்றுக்கு நம் பந்தல் கயிறு ஒன்றும் செய்யாது, திடீரென்று அடிக்கும் காற்றுக்குத்தான் துள்ளும், நீயும் அப்படித்தான் நடந்துகொள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, கையை ஊன்றி எழு. தும்மல் வந்தால் இடுப்பை மடக்கி முன்னால் குனிந்துகொள். இரத்தம் பட்டாலோ, தண்ணீர் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி விட்டு விட்டு வந்தாலோ யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

தை மாதக் கல்யாணங்களுக்குப் பந்தல் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், இந்தத் தை நான் இல்லை, சிரம்பானில் பாருங்கள் என்று அனுப்புகிறேன். அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உன் பிரசவத்துக்கு வர டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

தாயும் பிள்ளையுமாக நல்லபடி பிரிந்து நிறைவாக இருங்கள். மறக்காமல் அந்தத் துணியைத் துவைத்து மடித்து வை, நான் வந்து கட்டிவிடுகிறேன்.

உன் அம்மா,
திலகா